படிக்கட்டு யார் கணக்கில்?

ஐந்து பேர் சேர்ந்து வரைந்த அந்த வீட்டில் கூடம் இருந்தது, இரண்டு படுக்கையறைகள் இருந்தன, சமையலறையில் சிலிண்டருக்குக்கூட இடம் விட்டிருந்தார்கள். பால்கனியில் ஒரு துளசித்தொட்டி. இரண்டாவது மாடியில் இருக்கிற வீடு. மேலே போகத்தான் வழி இல்லை. "எப்படிடா ஏறிப்போவீங்க?" என்று கேட்டேன். ஐவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "படிக்கட்டை யாருக்கும் பிரிச்சுக் கொடுக்கலை டீச்சர்" என்றான் குழுத் தலைவன்.

ஒன்பதாம் வகுப்பில் வடிவியலும் அளவியலும் முடித்த கையோடு நான் கொடுத்த குழுச் செயல்திட்டம் அது. அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் தளம், 40 அடிக்கு 60 அடி. 2,400 சதுர அடி, சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு. அதில் நான்கு வீடுகள் வர வேண்டும். ஒரு வீடு 600 சதுர அடிக்கு மேல் போகக் கூடாது. அவற்றில் ஒன்றை மட்டும் அறை அறையாக வரைய வேண்டும். இரண்டு வாரம் அவகாசம். முடிவில் ஆளுக்கொரு பக்கம், என்ன செய்தோம், எங்கே சறுக்கினோம் என்று எழுதித் தர வேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்தை ஒப்புக்குத்தான் சேர்த்திருந்தேன்.

செயல்திட்டம் என்றதும் பெற்றோர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் எட்டாம் வகுப்புவரை வந்தன. மறு ஆண்டு ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்துகொண்டது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்ணைப் பிரித்தார்கள். மனப்பாடத்தைக் கொஞ்சம் தளர்த்துகிற நல்ல எண்ணம்தான். ஆனால் பலன் அடைந்தது ஸ்டேஷனரி கடைக்காரர். தெர்மாகோல் வீடு, ஐஸ் குச்சி வீடு, ஜிகினாத்தூள் தூவிய கூரை என்று ஆண்டுதோறும் வந்து குவியும். எது அப்பாவின் கைவேலை, எது அண்ணனின் கைவேலை என்று பார்த்ததும் சொல்லிவிடலாம். அவற்றின் மேல் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அதனால் இந்தத் தடவை தெர்மாகோல் கிடையாது, வண்ணத்தாள் கிடையாது, தாளை வீட்டுக்கு எடுத்துப்போகவும் கூடாது என்று சொல்லிவிட்டேன். கட்டம் போட்ட தாள், பென்சில், அடிக்கோல், வகுப்புக்குப் பொதுவாக ஒரு டேப். அவ்வளவுதான்.

முதல் வழக்கு தாளிலேயே வந்தது. ஓர் அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டார்கள். ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7. தளத்தை நான்காகப் பிரித்ததில் வீடு 20 அடிக்கு 30 அடி. அதில் 20 அடி அடங்கியது. 30 அடியில் கடைசி 3 மில்லிமீட்டர் தாளைத் தாண்டி மேசைக்குப் போய்விட்டது. சரியென்று 2 அடிக்கு 1 சென்டிமீட்டர் ஆக்கினார்கள். வீடு 10க்கு 15 ஆகச் சுருங்கியது, 150 சதுர சென்டிமீட்டர். ஒரு குழு அதை 2ஆல் பெருக்கி, 'வீட்டின் பரப்பு 300 சதுர அடி' என்று எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டது. பாதி வீடு எங்கே போயிற்று என்று தேட ஒரு பாடவேளை பிடித்தது. நீளம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது அதே பிள்ளைகள் போன மாதத் தேர்வில் சரியாக எழுதிய விடை. தேர்வுத்தாளில் இருந்தது, கைக்கு வரவில்லை.

இரண்டாவது வழக்கை வெளியாள் ஒருவர்தான் கொண்டுவந்தார். ஒரு மாணவியின் அப்பா கொத்தனார். மாலையில் மகளைக் கூட்டிப்போக வந்தவர், மேசைமேல் விரித்திருந்த தாளை எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ரூமெல்லாம் இருக்கு டீச்சர். சுவரு எங்க?" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. எல்லாக் குழுக்களும் அறைகளின் பரப்பைக் கூட்டி மிகச்சரியாக 600 கொண்டுவந்திருந்தார்கள். நானும் கூட்டிப் பார்த்து 'சரி' போட்டிருந்தேன். கோட்டுக்கு நீளம் உண்டு, அகலம் கிடையாது என்று யூக்ளிட் வைத்த வரையறையை இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். கொத்தனாரின் கோட்டுக்கு ஒன்பது அங்குலம் அகலம்.

மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 20க்கு 30 வெளி அளவு. சுற்றிலும் 9 அங்குலச் சுவர் எழுப்பினால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் அடி போகும். உள்ளே நிற்பது 18.5க்கு 28.5. பெருக்கினால் 527.25. வெளிச்சுவர் மட்டும் 72.75 சதுர அடியை விழுங்கிவிட்டது. (பக்கத்து வீட்டோடு சேரும் பொதுச்சுவரில் பாதிதான் நம் கணக்கு என்பது பிறகு கிளம்பிய விவகாரம்.) உள்ளே நாலரை அங்குலத் தடுப்புச் சுவர்கள் ஒரு குழுவின் வரைபடத்தில் மொத்தம் 60 அடி ஓடின, அது இன்னொரு 22.5. கையில் மிஞ்சியது 505க்கும் சற்றுக் குறைவு. குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த அறைக்கு தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் குறைந்தபட்ச அளவு 2.8 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 சதுர அடி. அப்படிப்பட்ட மூன்று குளியலறைகளுக்கான இடம் சுவருக்குள் மறைந்திருந்தது. சுவர் எந்த அறையின் பங்கிலும் வரவில்லை. அதனால் அதை யாரும் வரையவில்லை.

அதன் பிறகு வகுப்பில் சுவர்ப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. அதே 600 சதுர அடியை 15க்கு 40 என்று நீட்டினால் சுற்றளவு 100லிருந்து 110 அடியாகிறது, வெளிச்சுவர் 80.25 சதுர அடி தின்கிறது. 100 அடிச் சுவரை 25க்கு 25 என்று மடக்கினால் 625 சதுர அடி கிடைக்கிறது. 'அப்போ வட்டமாக் கட்டினா?' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். போட்டுப் பார்த்தோம். 100 அடிச் சுற்றளவுள்ள வட்டத்துக்குள் கிட்டத்தட்ட 796 சதுர அடி. வகுப்பே ஒரு நிமிஷம் வாயடைத்துப் போனது. கட்டிலை எங்கே போடுவது என்று ஒருத்தி கேட்கும்வரை வட்டவீட்டுக்கு ஏக மவுசு.

கட்டிலை முன்கூட்டியே யோசித்துவிட்டால் வட்டமும் கூடும் என்பதற்குத் திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் சாட்சி. செங்கல்லால் ஆன உருளை. உள்ளே தளம் என்றே ஒன்று இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப்பாதை, அதன் ஓரத்திலேயே மேசைகளும் இருக்கைகளும். ஏறிப்போகும் வழிதான் அங்கே முழுக் கட்டடமும். ரயிலுக்கு நேரமிருக்கும்போது அங்கே காபி குடித்திருக்கிறேன். அப்போது இதெல்லாம் தோன்றவில்லை.

கொத்தனாரை ஒரு பாடவேளைக்கு வகுப்புக்கு அழைத்தேன். தயங்கினார், வந்தார். ஆணி, நூல், டேப். மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தார். குறுக்கே 5 அடி வந்தால் மூலை மட்டம் என்றார். இதைப் பிதாகரஸ் தேற்றம் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அவர் பயன்படுத்தியது அதன் மறுதலையை. செங்கோணம் இருந்தால் பக்கங்களுக்கு இன்ன உறவு என்பது தேற்றம். பக்கங்களுக்கு இன்ன உறவு இருந்தால் அது செங்கோணம் என்பது மறுதலை. தேர்வுக்குத் தேற்றம் போதும், வீடு கட்ட மறுதலை வேண்டும். அடுத்து, எங்கள் வகுப்பறையிலேயே மூலைக்கு மூலை டேப் பிடிக்கச் சொன்னார். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் நடுவே இரண்டு அங்குலம் வித்தியாசம். "பரவால்ல, கண்ணுக்குத் தெரியாது" என்று எங்களைத் தேற்றிவிட்டுப் போனார்.

கதவு விஷயம் சுருக்கமானது. 3 அடிக் கதவு திறக்கும்போது தரையில் கால் வட்டம் போடுகிறது. ஏழு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். எட்டாம் வகுப்பில் வட்டக்கோணப்பகுதி படித்தபோது அது எதற்கு என்று கேட்ட பையனின் படுக்கையறையில் கதவு கட்டிலில் இடித்தது. விடை கிடைத்துவிட்டது.

வாஸ்துவும் வந்தது, வராமல் இருக்குமா? ஒரு பாட்டியின் உத்தரவுப்படி 9 அடி அகல அறை 10 ஆயிற்று. மனையடி சாஸ்திரத்தில் 9 ஆகாதாம். அந்த ஓரடி சமையலறையிலிருந்து போனது. அங்கே நிற்கப்போவது யார் என்று பாட்டியிடம் கேட்டுவரச் சொன்னேன். பதில் வரவில்லை.

நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று. வரிசை வீட்டில், பத்துக்குப் பதினொன்று ஒற்றை அறையில், ஐந்து பேரோடு வசிக்கும் ஒரு மாணவி தாளைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "எத்தனை மணிக்கு வரையணும் டீச்சர்?" என்றாள். எனக்குப் புரியவில்லை. விளக்கினாள். காலை ஆறு மணிக்கு அந்த அறை சமையலறை. எட்டு மணிக்கு அதன் ஒரு மூலை, சேலை மறைவில் உடைமாற்றும் அறை. மாலையில் அவளும் தம்பியும் படிக்கும் இடம். பத்து மணிக்குப் பாய் விரித்தால் நடக்க இடமிருக்காது. அப்பா நாற்காலியைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார். படுக்கையறை, உணவறை என்று பெயர் எழுதிய கட்டங்களை வரையச் சொன்ன என் வினாவே அவளுக்கு விநோதமாகப் பட்டிருக்கிறது. விதித்தொகுப்பு ஒரு வசிப்பறைக்கு 9.5 சதுர மீட்டர், அதாவது சுமார் 102 சதுர அடி கேட்கிறது. அவள் வீட்டின் 110 தேறிவிடும். ஒரே அறைக்குள் எத்தனை பேர், எத்தனை வேலை என்பது அந்த எண்ணில் இல்லை. அவளைத் தன் வீட்டையே நான்கு நேரங்களில் நான்கு தாளில் வரையச் சொன்னேன். வகுப்பில் இடத்தைப் பற்றி அதிகம் தெரிந்தவள் அவள்தான் என்பது மற்றவர்களுக்கும் தெரிந்தது. அவள் குழுவின் வீட்டில்தான் கடைசியில் வீணான மூலை ஒன்றுகூட இல்லை. பரண் எங்கே, மடிப்பு மேசை எங்கே என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது.

இனி படிக்கட்டு. ஒருவனுக்குக் கூடம், ஒருத்திக்குப் படுக்கையறைகள், ஒருத்திக்குச் சமையலறை, ஒருவனுக்குக் குளியலறை, மிச்சமிருந்தவனுக்கு அட்டைப்படம். குழுவேலை என்றால் நம் பள்ளிகளில் இதுதான் பொருள்: வேலையைக் கூறுபோட்டு, தனித்தனியாகச் செய்து, கடைசி நாள் ஸ்டேப்ளர் அடிப்பது. நான்கு வீடுகளும் ஆளுக்கு 600 என்று உரிமையோடு எடுத்துக்கொண்டதில் 2,400 சதுர அடியும் தீர்ந்துபோயிருந்தது. நான் சொன்ன வரம்பை எல்லோரும் உரிமையாக எடுத்துக்கொண்டார்கள். தவறு என்னுடையதும்தான்.

நான் கேட்டதும் அவசரமாக ஒரு மூலையில் 4 அடிக்கு 4 அடிக் கட்டம் போட்டு, அதற்குள் நேராக ஏறும் படிக்கட்டை அடைத்தார்கள். தளத்துக்குத் தளம் 10 அடி, அதாவது 120 அங்குலம். அதை 48 அங்குலத்துக்குள் ஏற வேண்டும். சாய்வு 2.5. முக்கோணவியல் அட்டவணையைப் புரட்டினால் 68 பாகை. "இது ஏணி டீச்சர்" என்று அவர்களே சொன்னார்கள். பள்ளிப் படிக்கட்டை அளந்துவரச் சொன்னேன். 6 அங்குல உயரம், 10 அங்குல மிதி, சாய்வு 0.6, கோணம் 31 பாகை. அந்தக் கணக்கில் 120 அங்குலத்துக்கு 20 ஏற்றம். பத்துப் பத்தாக இரண்டு மடிப்பு. மடிப்புக்கு 9 மிதி, ஏழரை அடி. நடுவில் திரும்ப 3 அடி, ஏறி நிற்க 3 அடி. பதின்மூன்றரை அடி நீளம், 6 அடி அகலம், 81 சதுர அடி. நான்கு வாசலுக்கும் போய்ச்சேரும் நடைபாதையையும் சேர்த்தால் 200 ஆகிறது. வீட்டுக்கு 50 சதுர அடி விட்டுக்கொடுக்க வேண்டும்.

அந்த 50க்காக நடந்த சண்டையைப் பார்க்க வேண்டுமே. பென்சில் கோட்டால் ஆன வீடு, யாருக்கும் சொந்தமில்லாத வீடு. அதில் ஓர் அடி விடமாட்டேன் என்று கண்ணில் நீர் தளும்ப நின்றார்கள். கூடத்தை வரைந்தவன் சமையலறையில் எடு என்றான். சமையலறைக்காரி, ஏற்கெனவே பாட்டிக்கு ஓரடி போயிற்று என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் குடியிருக்கும் அடுக்ககத்தில் இரண்டாவது மாடித் திருப்பத்து விளக்கு பீஸ் போய் ஒன்றரை மாதம் இருட்டில் ஏறியிருக்கிறோம். பன்னிரண்டு வீட்டுக்கும் பொது விளக்கு அது. வாங்கும்போது 900 சதுர அடி என்று சொல்லப்பட்ட என் வீட்டை, இந்தச் செயல்திட்டத்தின் புண்ணியத்தில் முதன்முதலாக டேப் பிடித்து அளந்தேன். 650ஐ எட்டவில்லை. மீதி, சுவரிலும் படிக்கட்டிலும் நடைபாதையிலும் மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டியின் அடியிலும் என் பெயரில் கிடக்கிறது. கணக்கு டீச்சர் வாங்கிய வீடு!

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இதற்குத்தான் 'கார்பெட் ஏரியா' என்பதை வரையறுத்தது. வெளிச்சுவர், ஷாஃப்ட், தனி பால்கனி, திறந்த மாடி ஆகியவை அதில் சேராது. உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் சேரும். சுவர் யாருடைய பங்கு என்று என் பிள்ளைகள் முட்டிமோதிய கேள்விக்குச் சட்டம் தந்த பதில் அது. ஆனால் வீடு வாங்குவோர் இன்னமும் 'சூப்பர் பில்ட்அப்' கணக்கில்தான் பேசுகிறார்கள். டேப் எடுத்துப்போகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பத்திரத்தில் இன்னொரு விந்தை, 'பிரிபடாத பாகம்'. நிலத்தில் நமக்கு இத்தனை சதுர அடி என்று எழுதியிருக்கும். எந்த இடம் என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. பரப்பு உண்டு, வடிவம் இல்லை. யூக்ளிட்டின் அகலமில்லாத கோட்டை ஏற்றுக்கொண்ட பிள்ளைகள் இதை நம்ப மறுத்தார்கள்.

பத்தாம் வகுப்பு எடுக்கும் சக ஆசிரியர், இரண்டு வாரத்தில் இரண்டு பாடம் முடித்திருக்கலாமே என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. கதவையும் படிக்கட்டையும் விட்டால், செங்கோணத்தைத் தவிர வேறு கோணம் எங்கள் வேலையில் தலைகாட்டவில்லை. நிரூபணம் என்ற பேச்சே எழவில்லை. வடிவியலின் உயிர் நிரூபணத்தில் இருக்கிறது என்று நம்புகிறவள் நான். வீடு வரைவது அதற்கு ஈடாகாது. ஆனால் தேசியக் கலைத்திட்டம் 2005க்காகக் கணிதக் கற்பித்தலை ஆராய்ந்த, சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். ராமானுஜம் தலைமையிலான குழு, குழந்தையின் சிந்தனையைக் கணிதமயமாக்குவதே பள்ளிக் கணிதத்தின் முதன்மை நோக்கம் என்றது. 68 பாகையைப் பார்த்து 'இது ஏணி' என்று ஒரு பிள்ளை சொன்ன நொடிக்கு அதைவிட நல்ல பெயர் எனக்குத் தெரியவில்லை.

என் குறையெல்லாம் மதிப்பெண் போடும் முறை மீதுதான். பங்குகளுக்குப் பதிவேட்டில் இடம் இருக்கிறது, இணைப்புக்கு இல்லை. கூடம் நன்றாக இருந்தால் மதிப்பெண். கூடமும் சமையலறையும் சேரும் இடம் சரியில்லை என்று கண்டுபிடித்தவளுக்கு எந்தக் கட்டத்தில் போடுவது? அடுத்த முறை முதல் மூன்று நாள்கள் யாருக்கும் எதையும் பிரித்துக் கொடுக்கப்போவதில்லை. ஆளுக்கொரு முழுத் தளம், படிக்கட்டிலிருந்து தொடங்கி வரையட்டும்; ஐந்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சண்டை போடட்டும்.

கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். முதலில் வந்த பக்கங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு: 'இச்செயல்திட்டத்தின் மூலம் ஒற்றுமையின் அவசியத்தை உணர்ந்தோம்.' எந்தத் துணைநூலில் இருக்கிறதோ தெரியாது. எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, மூன்று தவறுகள், எந்த நாள், யார் கண்ணில் பட்டது, இவ்வளவு மட்டும் எழுது என்றேன். அப்புறம் வந்தவை வேறு மாதிரி இருந்தன. '300 என்று நான்தான் சொன்னேன், யாரும் தடுக்கவில்லை.' 'சுவர் போட்டதும் பிரிட்ஜ் வெளியே வந்துவிட்டது.' 'அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் ஒரு நாள் ஒத்துக்கொள்ளவில்லை.'

அட்டைப்படக்காரன் மீது மற்ற நால்வரும் புகார் எழுதியிருந்தார்கள்: ஒரு வேலையும் செய்யவில்லை. அவன் பக்கத்தில் நாலே வரி. படம் மட்டும்தான் போட்டதாக ஒப்புக்கொண்டிருந்தான். படிக்கட்டுக்காக ஒவ்வொரு வீட்டிலும் 50 சதுர அடி அழித்த அன்றைக்கு யாரிடமும் ரப்பர் இல்லை, என்னுடையதைத்தான் எல்லோரும் வாங்கினார்கள், ஒரே நாளில் தேய்ந்து தீர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தான்.

பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே இருக்கும் கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை. ரப்பர் மட்டும் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.